உப்பளத்தில் முடிப்பதா, அறைக்கு வந்து முடிப்பதா: நிலக்காட்சியிலிருந்து அரூபத்துக்குப் போகும் நான்கு வழிகள்

நிலக்காட்சியை நேரில் உட்கார்ந்து வரைந்து பழகியவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு கட்டம் வந்தே தீரும். கை படிந்திருக்கும், மரம் மரமாகவும் படகு படகாகவும் தாளில் வந்து உட்காரும், பார்க்கிறவர்கள் இன்ன இடம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து தாளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் நம்மைப் பிடித்து உட்கார வைத்தது எதுவோ அது மட்டும் அதில் இருக்காது. அரூபத்தின் பக்கம், அதாவது பொருள்களை அடையாளம் தெரியும்படி வரையாமல் நிறமும் வடிவமுமாக வரைவதன் பக்கம், மனம் திரும்புவது பெரும்பாலும் இந்த ஏமாற்றத்திலிருந்துதான். இடத்தைக் கைவிடவும் மனமில்லை, இடத்தின் அடையாளங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே இருக்கவும் மனமில்லை என்ற நிலையில், இனி எப்படி வேலை செய்வது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. என்னோடு வரைய வரும் இளையவர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான். நான் முயன்று பார்த்த நான்கு வழிகளை, அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, ஸ்பாட்டிலேயே, அதாவது காட்சி இருக்கும் இடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிப்பது. இரண்டாவது, புகைப்படம் எடுத்து வந்து அதைப் பார்த்து வரைவது. மூன்றாவது, இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல், பின்னர் நினைவிலிருந்து வரைவது. நான்காவது, ஸ்பாட்டில் கோட்டுக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு வண்ண வேலை முழுவதையும் அறையில் செய்வது.

எந்த அளவுகோலால் இவற்றை அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேரில் கண்டது என்று நான் சொல்வது பொருள்களின் வடிவத்தை அல்ல. வானத்தைவிட நீர் எவ்வளவு வெளுப்பு, முன்னால் இருக்கும் மண்ணின் பழுப்பு பின்னால் போகப்போக எந்த இடத்தில் நீலத்துக்குத் தோற்கிறது, இரண்டு வரப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அடுத்த இடைவெளியைப்போல எத்தனை மடங்கு என்பன போன்ற உறவுகளைத்தான் சொல்கிறேன். 1948-இல் காஷ்மீரில் இந்திய ஓவியர் எஸ். எச். ரசாவின் படங்களைப் பார்த்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், அவற்றில் திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் பாருங்கள் என்ற பொருளில் அறிவுரை கூறினார். பம்பாய்த் தெருக்களையும் காஷ்மீர்க் காட்சிகளையும் நீர்வண்ணத்தில் சரளமாக வரைந்துகொண்டிருந்த ரசா அதன் பிறகு 1950-இல் பாரிசுக்குப் போனார். அவருடைய நிலக்காட்சிகள் படிப்படியாக அரூபத்துக்கு நகர்ந்தன. அந்தக் கட்டுமானம் என்ற சொல்லைத்தான் நான் உறவுகள் என்று விரித்துச் சொல்கிறேன். இது மரம், இது படகு என்று பொருள்களுக்குச் சொல்லும் பெயர் உதிர்ந்த பிறகும் இந்த உறவுகள் கெடாமல் கேன்வாஸுக்கு வந்து சேர்ந்தால், இடம் உள்ளே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: உறவுகளைக் காப்பாற்றுகிறதா, பெயர்கள் உதிர இடம் கொடுக்கிறதா.

ஒப்பீடு நியாயமாக இருக்க, இடம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்காக மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும் வழியில், கழுவெளி நீர்நிலைக்கு அருகே இருக்கும் ஊர் அது. உப்பளத்தை யார் வரைந்தாலும் அது தானாகவே பாதி அரூபமாகிவிடும். பாத்திகளும் வரப்புகளும் கட்டம் போட்ட தாளைப்போலக் கிடக்கின்றன. இது உதவியாகத் தோன்றினாலும் பொறி என்றே சொல்வேன். கட்டங்களை வரைந்து வெவ்வேறு நிறம் அடித்துவிட்டு, அரூபம் வந்துவிட்டது என்று நம்பிவிடலாம். முதல் பருவத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

விடிந்து அரை மணி நேரத்துக்குள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தால், காலடியில் இருக்கும் பாத்தியில் நீர் தெரிவதில்லை. அடியில் மிதித்து இறுக்கிய களிமண்தான், பழுப்பும் பாசிப் பச்சையும் கலந்த நிறத்தில் தெரிகிறது. கண்ணை உயர்த்தினால் அடுத்தடுத்த பாத்திகளில் மண் மங்கி வானம் ஏறுகிறது. தொலைவுப் பாத்திகளில் மண் அறவே இல்லை, வானம் மட்டுமே தரையில் கிடக்கிறது. காரணம் எளிதானது. நேர் கீழாகப் பார்க்கும்போது நீர் தன்னை ஊடுருவிப் பார்க்க விடுகிறது. பார்வை சாயச் சாய, முகம் பார்க்கும் கண்ணாடியைப்போல வானத்தைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. வரப்புகளும் அப்படியே, பக்கத்தில் ஒரு முழ அகலம், தொலைவில் நூலிழை. உயரமான மரமோ கட்டடமோ இல்லாத அந்தச் சமதளத்தில் தொலைவைச் சொல்வது மண்ணின் நிறம் வானத்திடம் தோற்கும் இந்த ஒரு மாற்றம்தான். உப்புக் குவியலையும், அதை மூடிய ஓலையையும், பலகையால் உப்பை வாரும் ஆளையும் எடுத்துவிட்டாலும் இந்த மாற்றம் மட்டும் சரியாக இருந்தால் அது மரக்காணம்தான். அது இல்லாமல் எத்தனை உப்புக் குவியல்களை வரைந்தாலும் காலண்டர் படம்தான்.

இப்போது முதல் வழிக்கு வருகிறேன். ஸ்பாட்டிலேயே முடிப்பதால் அரூபத்தை எட்ட முடியாது என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல செசான் ஒருவரே போதும். தெற்குப் பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் ஊருக்கு வெளியே லே லோவ் மேட்டில் 1902-இல் ஸ்டுடியோ கட்டிக்கொண்ட அவர், அங்கிருந்து தெரியும் சான்த் விக்துவார் மலையை இறக்கும்வரை திரும்பத் திரும்ப வரைந்தார். கடைசிக்கால மலை ஓவியங்களில் வீடு, மரம், வயல் எல்லாம் தூரிகைப் பட்டைகளாகக் கரைந்துவிடுகின்றன. தரையின் பச்சை வானத்திலும் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது. கேன்வாஸின் சில இடங்கள் வண்ணமே படாமல் விடப்பட்டிருக்கின்றன. இவை அறையில் உட்கார்ந்து எளிமைப்படுத்தியதால் வந்தவை அல்ல. ஒவ்வொரு பட்டையும் நேரில் பார்த்து, பக்கத்துப் பட்டையோடு ஒப்பிட்டு வைக்கப்பட்டது. ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு சற்றே வலமோ இடமோ சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை செய்ய விஷயம் இருக்கிறது என்று 1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதினார். அடுத்த மாதம் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது புயல் மழையில் அகப்பட்டு மயங்கி விழுந்தார். அந்த மாதமே இறந்துபோனார். இந்த வழிக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. மரணத்தை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஒரே இடத்துக்குப் பல ஆண்டுகள், அநேகமாக நாள்தோறும் போக முடிந்தால் மட்டுமே ஸ்பாட் வேலை தானாக அரூபமாகக் கனியும் என்பதைச் சொல்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போகிறவருக்கு நிலைமை வேறு. முதல் தடை வெளிச்சம். நம் கடற்கரையில் ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் நிழல்கள் ஒடுங்கிவிடும். அதன் பிறகு எதிரில் இருப்பது வேறொரு காட்சி. இரண்டாவது தடை தாளின் வெண்மை. வெயில் நேராகப் படும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூச வைப்பதால், கை தன்னையறியாமல் நிறத்தை இருட்டாகக் கலக்கும். அறைக்குக் கொண்டுவந்து பார்த்தால் காலை ஏழு மணி படம் மாலை ஆறரை மணி படமாகத் தெரியும். குடை பிடித்தால் சரியாகும் என்று சிவப்புக் குடையையோ நீலக் குடையையோ பிடித்தால் குடையின் நிறம் தாளில் இறங்கும். கறுப்புக் குடைதான் உதவும். அக்ரிலிக் வண்ணம் கலக்கும் தட்டிலேயே காய்ந்து தோல் கட்டிவிடும். நீர்வண்ணத்தின் ஈர விளிம்பு, அடுத்த நிறத்தைக் கலப்பதற்குள் காய்ந்து கோடாக நின்றுவிடும். எண்ணெய் வண்ணம் பொறுமையாக இருக்கும், ஆனால் காயாத கேன்வாஸை நெரிசலில் வீடு கொண்டுவந்து சேர்ப்பது தனிப் பாடு.

இவையெல்லாம் பழக்கத்தால் கடக்கக்கூடியவை. கடக்க முடியாததாக எனக்கு இருந்தது வேறு: இடம் எதிரில் இருக்கும்போது பெயர்கள் உதிர்வதில்லை. பாத்திகளின் நிற மாற்றத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்று உறுதியோடு உட்கார்ந்திருப்பேன். பெண்கள் இருவர் தலையில் கூடையோடு வரப்பில் நடந்து வருவார்கள். அடுத்த நிமிடம் என் தூரிகை அவர்களுடைய சேலையின் சிவப்பைத் தேடிப் போயிருக்கும். அது கெட்ட படமாக இருக்காது, பல நேரம் நல்ல படமாகவே இருக்கும். ஆனால் நான் தேடிப் போனது அதுவல்ல. உறவுகளைக் காப்பதில் இந்த வழிக்கு நிகர் வேறில்லை. பெயர்களை உதிர்ப்பதில், நாள்தோறும் போகக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, இது கடினமான வழி.

புகைப்படத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்த நோக்கத்துக்கு அது நான்கிலும் பலவீனமானது என்பது என் தீர்மானம். உப்பு போன்ற வெண்மையையும் அதன் மேல் வானத்தையும் ஒருசேர எடுத்தால் இரண்டும் ஒரே வெளுப்பாகிவிடும். இப்போதைய ஃபோன்களோ வெளிச்சத்தையும் இருளையும் தாமே சமன்செய்து தருகின்றன. எது எதைவிட வெளுப்பு என்ற உறவுதான் நமக்கு வேண்டியது. அதை நமக்கு முன்னால் கருவி முடிவு செய்துவிடுகிறது. ஃபோனின் அகன்ற லென்ஸ் முன் பாத்தியை ஊதிப் பெருக்கித் தொலைவைக் கோடாக ஒடுக்கிவிடுவதால் இடைவெளிகளின் விகிதமும் போய்விடும். அத்தோடு, படத்தில் எல்லாமே ஒரே கவனத்தோடு பதிந்திருப்பதால், விட வேண்டியதை விடுவது மனம் செய்யும் தேர்வாக இல்லாமல் விளிம்புகளைக் கலைத்துவிடும் வேலையாகக் குறுகிப்போகிறது. வரப்பு எந்த இடத்தில் திரும்புகிறது, மதகு வலப்பக்கமா இடப்பக்கமா என்று சரிபார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு படங்கள் இருக்கலாம். வேலை செய்யும் சுவரில் அவை ஒட்டப்பட்டிருக்கக் கூடாது.

நினைவிலிருந்து வரைவது மிகுந்த கவர்ச்சியுள்ள வழி. அமெரிக்க அரூப ஓவியர் ஜோன் மிச்சல் தம்மோடு சுமந்து செல்லும் நினைவின் நிலக்காட்சிகளிலிருந்தே வரைவதாகச் சொன்னவர். 1968 முதல் 1992-இல் இறக்கும்வரை பாரிசுக்கு வெளியே செய்ன் ஆற்றுக்கு மேலே வெத்தே ஊரில் வாழ்ந்தார். அதே ஊரில் ஒரு காலத்தில் பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் மோனே குடியிருந்தார். அப்படிப்பட்ட காட்சி ஜன்னலுக்கு வெளியே இருந்தும், மிச்சல் பெரும்பாலும் இரவில், மின்விளக்கில் வேலை செய்தார். அவருடைய பெருந்தொகுதிகளில் ஒன்றான 'லா கிராந்த் வாலே' 1983, 84 ஆண்டுகளில் வரைந்த 21 ஓவியங்கள் கொண்டது. அந்தப் பள்ளத்தாக்கை அவர் கண்ணால் கண்டதே இல்லை, தோழி ஒருவர் தம் இளமைக்கால நினைவாகச் சொல்லக் கேட்டதுதான். பார்க்காத இடத்தின் நினைவிலிருந்துகூட அடர்ந்த நீலமும் மஞ்சளுமாக அத்தனை ஓவியங்கள் வர முடியும் என்றால் குறிப்பேடு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

நானும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் ஒரு மழைக்காலம் முழுக்கக் குறிப்பேட்டைத் திறக்காமல், மரக்காணத்தை நினைவிலிருந்து ஆறு கேன்வாஸ்களாக வரைந்தேன். வரைந்த நாட்கள் மகிழ்ச்சியானவை. கை தடையில்லாமல் ஓடியது. ஆறையும் பக்கம்பக்கமாகச் சாய்த்து வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஐந்தில் அடிவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தது. நான்கில் வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரே மாதிரியான துரு நிறப் பட்டை. அந்தப் பட்டை மரக்காணத்தில் கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்து விற்ற ஒரு படகுத்துறைப் படத்திலிருந்து வந்திருந்தது. அதாவது அந்த ஆறும் என் முந்தைய படங்களின் நினைவுகள். நினைவு பெயர்களை நன்றாகவே உதிர்க்கிறது, ஆனால் இடத்துக்கு மட்டுமே உரிய வித்தியாசத்தையும் சேர்த்து உதிர்த்துவிட்டு, அந்த வெற்றிடத்தைக் கையின் பழக்கத்தால் நிரப்பிவிடுகிறது. மிச்சலுக்கு இது நேரவில்லையே என்றால், பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தும் வரைந்தும் சேர்ந்த சேமிப்பு அவரிடம் இருந்தது. நம்மில் பலருக்குக் கணக்கில் அவ்வளவு இருப்பு இல்லை.

நான்காவது வழியில்தான் என் மனம் நிற்கிறது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இது புதிய வழி அல்ல. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் மட்டும் ஏறத்தாழ 300. பிரான்சில் வாழ்ந்த ஓவியர் நிக்கோலா த ஸ்டால் 1953 கோடையில் குடும்பத்தோடு வண்டியில் இத்தாலி வழியாக சிசிலிக்குப் போய், குறிப்பேட்டில் கோடுகளாக மட்டும் வரைந்துகொண்டு, தெற்குப் பிரான்சுக்குத் திரும்பிய பின்னரே, சிசிலியின் அக்ரிஜெந்தோ ஊரைப் பற்றிய ஓவியங்களை எழுப்பினார். சாலை, குன்று, வானம் என்ற மூன்றே விஷயங்கள். அவை மஞ்சள், சிவப்பு, ஊதா என்று இயற்கையில் அந்த இடத்தில் இருக்கவே முடியாத நிறங்களில் தடித்த பரப்புகளாக நிற்கின்றன. ஆனாலும் அந்தப் படங்களில் தெற்கின் நண்பகல் வெயில் கண்ணைத் தாக்குகிறது, ஏனென்றால் எது எதைவிட வெளுப்பு என்பதும், சாலை எந்தக் கோணத்தில் குன்றைச் சேர்கிறது என்பதும் குறிப்பேட்டிலிருந்து பிசகாமல் வந்திருக்கின்றன. நிறம் முழுவதும் மாறிவிட்ட பிறகும் உறவு மாறவில்லை. கறுப்புக் கோடாக மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டதுதான் நிறத்தில் அவருக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் ஓவியர் ராம் குமாரின் காசி ஓவியங்களை இங்கே நினைக்க வேண்டும். 1960-இல் எம். எஃப். ஹுசேனோடு காசிக்குப் போகும்வரை அவர் நகரத்து மனிதர்களின் சோர்ந்த முகங்களை வரைந்துகொண்டிருந்தவர். அத்தனை கூட்டம் நிறைந்த ஊருக்குப் போய்வந்த பிறகு அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மறைந்துபோனார்கள். படித்துறையும் சுவரும் நீரும் சாம்பலும் பழுப்புமான அடுக்குகளாகின. பின்வந்த ஆண்டுகளில் வீடுகளும் கரைந்து நிலத்தின் அசைவு மட்டும் எஞ்சியது. மனிதர்களை நீக்கினாலும் அந்த ஊரின் பாரம் கேன்வாஸில் இருக்கிறது. பெயர் உதிர்வதும் இடம் தங்குவதும் ஒரே படத்தில் நடப்பதை அறிய விரும்புகிறவர்கள் அந்தக் காலப் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் எல்லாம் குறிப்பெடுக்கும் முறையில்தான் இருக்கிறது. ஸ்பாட்டில் நான் எடுத்துப்போவது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு குறிப்பேடு, மென்மையான பென்சில் ஒன்று, சார்கோல் துண்டு ஒன்று, வண்ணம் கிடையாது. ஒரு காலையில் இருபது குறிப்புகள்வரை எடுப்பேன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. முதல் நான்கைந்தில் உப்புக் குவியலும் ஆட்களும் வந்தே தீருவார்கள், வந்து போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பத்தாவதை நெருங்கும்போது கைக்கே அலுத்துப்போய் அவர்களை விட்டுவிடும். அதன் பிறகு வருபவைதான் பயன்படுகிறவை: இருட்டு, நடுத்தரம், வெளுப்பு என்ற மூன்றே அடுக்குகளில் முழுக் காட்சியையும் பிரித்துக்கொள்ளும் குறிப்புகள். நிறத்தைச் சொல்லால் எழுதிக்கொள்கிறேன், அதுவும் ஒப்பீடாக: 'மூன்றாவது பாத்தி வானத்தைவிட ஒரு சாயை அடர்த்தி', 'வரப்பின் நிழல் கறுப்பல்ல, கத்திரிப்பூ', 'உப்பு வெள்ளை அல்ல, வெள்ளை மேகத்தின் ஓரம் மட்டும்தான்'. 'நீலம்' என்று மட்டும் எழுதி வைத்தால் அறையில் அது வண்ணக் குழாயில் இருக்கும் நீலமாகிவிடும். எதைவிட நீலம் என்று எழுதினால்தான் அது மரக்காணத்து நீலமாக இருக்கும்.

வந்தவுடன் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதும் என் அனுபவம். குறைந்தது ஒரு வாரமாவது விட வேண்டும். அந்த இடைவெளியில் நினைவு தன் உதிர்க்கும் வேலையைச் செய்கிறது. குறிப்பேடு அது அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வழிகளின் பலமும் ஒருங்கே கிடைப்பது இதனால்தான். பிறகு அறையில் பெரிய அளவில் தொடங்கும்போது, குறிப்பை அப்படியே பெரிதாக்காமல், இரண்டு மூன்று குறிப்புகளை எதிரே வைத்துக்கொண்டு அவற்றுக்கு இடையே ஒத்துப்போவதை மட்டும் கேன்வாஸில் வைக்கிறேன். அங்கிருந்து கேன்வாஸுக்கும் ஒரு குரல் வந்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் 1963-இல் வரைந்த நகரக் காட்சி ஒன்றில், சான் பிரான்சிஸ்கோ தெருவின் ஒரு பக்கத்தில் உண்மையில் இருந்த கட்டடங்களை எடுத்துவிட்டு வெறும் நிலப்பரப்புகளை வைத்தார். படத்துக்கு அது தேவைப்பட்டது. 1967 முதல் 1988வரை வரைந்த 'ஓஷன் பார்க்' வரிசையில் தெருவும் கடலும் சாய்கோடுகளும் வெளிர்ந்த பட்டைகளுமாகிவிட்டன. அவற்றை அருகில் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் கவனிப்பது, அழித்துத் திருத்திய பழைய கோடுகள் மேல் வண்ணத்தின் அடியில் தெரிவதைத்தான். இடத்தின் விகிதத்துக்கும் படத்தின் தேவைக்கும் நடந்த பேச்சுவார்த்தையின் தடயம் அது. அதை மூடிவிடாமல் விட்ட துணிவு எனக்குப் பிடிக்கும்.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. குறிப்பு வரைபடமாகிவிடும் ஆபத்து அது. டச்சு ஓவியர் மோந்திரியானின் மரங்களை வரிசையாகப் பார்த்தால், 1908-ஐ ஒட்டிய சிவப்பு மரம், 1911-இன் சாம்பல் மரம், 1912-இன் பூத்த ஆப்பிள் மரம் என்று பெயர் படிப்படியாக உதிர்வது தெரியும். 1915-இல் கடலும் படகுத்துறையும் கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளுமாகிவிட்டன. அவர் கடைசியில் நிலத்தையே விட்டுப் போகத் தீர்மானித்தவர், ஆகையால் அந்தப் பாதை அவருக்குப் பொருத்தம். இடத்தை விடாமல் இருக்க விரும்புகிறவர், குறிப்பிலிருந்து குறிப்பு, அதிலிருந்து இன்னொரு குறிப்பு என்று அறைக்குள்ளேயே இறங்கிக்கொண்டே போனால், மூன்றாவது படியில் கையில் இருப்பது கட்டங்கள் மட்டும். அப்போது திரும்ப பஸ் ஏற வேண்டும்.

பார்ப்பது என்பது ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தானா என்ற கேள்வியும் இந்த முடிவோடு சேர்ந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஓவியர் பீட்டர் லான்யன், ஒரு ஊரைப் பல பக்கங்களிலிருந்தும் நடந்து பார்த்து, அந்தப் பார்வைகளை ஒரே படத்தில் சேர்த்தார். வெளியைப் புரிந்துகொள்ளக் கண்ணாடியும் மரமும் கொண்டு சிறு கட்டுமானங்கள் செய்து பார்த்தார். 1959-இல் கிளைடர் என்னும் இயந்திரமில்லா விமானத்தை ஓட்டக் கற்று, காற்றின் மேலிழுப்பையே படமாக்கினார். 1964-இல் கிளைடர் விபத்தில் அடிபட்டு இறந்தார். நாம் பறக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வரப்பில் உட்கார்ந்து எடுத்த இருபது குறிப்புகளைவிட, எழுந்து நடந்து, திரும்பி, கால்வாய்க் கரையில் ஏறி எடுத்த இருபது குறிப்புகள் அறையில் அதிகம் பேசும். இந்தச் சுதந்திரம், படத்தை நிறுத்தும் தாங்கியோடு ஒரே இடத்தில் கட்டுண்டிருக்கும் முதல் வழியில் கிடைப்பதில்லை.

அப்படியானால் யார் எதை எடுத்துக்கொள்வது? நேரில் வரையும் கை இன்னும் படியாதவர்கள், நிற அடர்த்தியை ஒப்பிட்டுச் சொல்லத் தடுமாறுகிறவர்கள், முதல் வழியிலேயே இன்னும் இரண்டு ஆண்டுகள் இருப்பது நல்லது. அரூபத்துக்கு அவசரப்பட்டால் அவர்களிடம் விடுவதற்கே ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு நடந்துபோகும் தொலைவில் ஒரு குளமோ கழிமுகமோ இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் செசான் வழியிலேயே நெடுந்தூரம் போகலாம், போகவும் வேண்டும். நெடுங்காலம் கோட்டில் வாழ்ந்தவர்களுக்கு நினைவு வழி திறந்திருக்கிறது. கே. எம். ஆதிமூலம் அப்படிப்பட்டவர். 1969-ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களாலும் தமிழ்ச் சிற்றிதழ்களின் கருப்பு வெள்ளைப் படங்களாலும் அறியப்பட்ட அவர், பின்னாளில் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தபோது, எந்த ஊர் என்று சொல்ல முடியாத, ஆனால் நிலம் என்றே உணரவைக்கும் வண்ணப் பரப்புகளை எழுப்பினார். நான் அவற்றின் முன் நிற்கும்போதெல்லாம், அந்த வண்ணங்களைத் தாங்கி நிற்பது பல்லாண்டுக் கோட்டுப் பயிற்சிதான் என்றே உணர்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு, அதாவது வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிற, கை ஓரளவு படிந்த, இடத்தின் மேல் பற்றுள்ள பெரும்பாலோருக்கு, நான்காவது வழியையே பரிந்துரைக்கிறேன். செலவும் அதில்தான் குறைவு. ஒரு குறிப்பேட்டில் ஒரு பருவமே அடங்கிவிடும்.

அதோடு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: கேன்வாஸ் முடிந்துவிட்டது என்று தோன்றும்போது, கையெழுத்திடுவதற்கு முன், ஒருமுறை இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். கடந்த பருவத்தில் நான்கடி உயரக் கேன்வாஸ் ஒன்றை, கீழே மண்ணிலிருந்து மேலே வானம்வரை எட்டுப் பட்டைகளாக வரைந்திருந்தேன். மண் நிறம் எட்டிலும் சீராகக் குறைந்துகொண்டே போனது. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் எங்கோ பொய்யாக இருந்தது. அதைச் சிறு அட்டையில் நகலெடுத்து எடுத்துப் போய் வரப்பில் உட்கார்ந்தேன். மாற்றம் அங்கே சீராக நடக்கவில்லை. முதல் பாத்தியில் முழுக்க மண், இரண்டாவதில் பாதி, மூன்றாவதைத் தாண்டினால் மண்ணின் சுவடே இல்லை. மிச்சம் ஐந்தும் வெறும் வானம். ஏதோ உறுத்தி எழுந்து நின்றேன். மண் இன்னும் ஒரு பாத்தி தூரம் உள்ளே போயிற்று. உட்கார்ந்தேன், வானம் ஒரு பாத்தி முன்னால் வந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால் இரண்டு நிலைகளிலும் எடுத்த குறிப்புகள் இருந்தன. அறையில் அவற்றைப் பிரித்து வைக்காமல் சராசரி எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று இரவே கத்தியால் நடுவிலுள்ள மூன்று பட்டைகளைச் சுரண்டி எடுத்து, மண்ணை இரண்டாவது பட்டையோடு நிறுத்தினேன். இப்போது அந்தப் படத்தின் முன் நிற்பவர்களில் சிலர், காரணம் தெரியாமலே, சற்றுக் குனிந்து பார்க்கிறார்கள்.